ஒரு கல்வியாளருக்குக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை இருக்கலாமா? முடிவெடுக்கும் முறை, படிப்படியாக

விக்கிப்பீடியாவில் ஒரு பேராசிரியரைப் பற்றியோ ஆய்வாளரைப் பற்றியோ கட்டுரை தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிறர் எழுதிய வரைவைப் படித்துவிட்டு 'இருக்கட்டும்' அல்லது 'நீக்கலாம்' என்று கருத்துச் சொல்ல வேண்டியவர்களுக்கும் இதே முறை பொருந்தும். அளவுகோல்கள் ஆங்கில விக்கிப்பீடியாவின் கல்வியாளர் குறிப்பிடத்தக்கமை (தனிக் கட்டுரைக்கு உரியவரா என்ற தகுதி) வழிகாட்டலில் உள்ள எட்டு. ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தனக்கென விதிகளை வைத்துக்கொள்ளலாம் என்பதால், நீங்கள் எழுதப்போகும் மொழியின் கொள்கைப் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

புதியவர்கள் விதி தெரியாமல் தடுமாறுவதைவிட வரிசை தெரியாமல் தடுமாறுவதையே அதிகம் பார்த்திருக்கிறேன். பெயரை ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடுதளமான கூகுள் ஸ்காலரில் போடுவார்கள், பெரிய எண் ஒன்று தெரியும், உடனே எழுதத் தொடங்கிவிடுவார்கள். பாதி எழுதிய பிறகுதான் அந்த எண் இரண்டு பேருக்குச் சொந்தமானது என்று தெரியவரும். மேற்கோள் எண்ணிக்கை, அதாவது ஒருவர் கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் எத்தனை முறை சுட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பது, இந்த வேலையில் கடினமான கட்டம். அதற்கு முன்னாலேயே விடை கிடைத்துவிடும் வாய்ப்பு நிறைய உண்டு. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. உங்களுக்கும் அவருக்கும் என்ன உறவு?

அவர் உங்கள் ஆய்வு நெறியாளரா? உடன் வேலை செய்கிறவரா? உறவினரா? நீங்களேதானா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றால் இங்கேயே நின்றுவிடுங்கள். நலமுரண் உள்ளவர் நேர்மையாகவே எழுதினாலும் எடைபோடும் கண் சாய்ந்துவிடும். நெறியாளரின் கட்டுரைகளை நான்கு ஆண்டுகள் படித்த மாணவருக்கு அவை துறையையே புரட்டிப்போட்டவையாகத் தெரிவது இயல்பு.

அப்படிப்பட்ட நிலையில் கட்டுரைக்கான வேண்டுகோளைப் பதிவுசெய்து, உறவை வெளிப்படையாகச் சொல்லி, கண்டெடுத்த சான்றுகளைப் பேச்சுப் பக்கத்தில் வைத்துவிடலாம். முடிவை வேறொருவர் எடுக்கட்டும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முழுப்பெயர், அதன் எல்லா எழுத்துவடிவங்களும். திருமணத்துக்கு முன்னும் பின்னும் வேறு பெயரில் எழுதியிருந்தால் இரண்டும். ரோமன் எழுத்தில் பெயரை எப்படியெல்லாம் எழுதியிருக்கிறார் என்பதும் வேண்டும். ஓர் எழுத்து மாறினால் தரவுத்தளம் அவரை வேறு ஆளாகவே கருதும்.

உட்பிரிவு. 'இயற்பியலாளர்' என்பது போதாது. துகள் இயற்பியலா, திண்மப் பொருள் இயற்பியலா என்பது தெரியாமல் 5-ஆம் படியில் எந்த எண்ணுக்கும் பொருள் கிடைக்காது.

வேலை பார்த்த இடங்கள், ஆண்டுவாரியாக. அவருடைய தன்விவரக் குறிப்பிலிருந்து எடுக்கலாம். ஆனால் அந்தக் குறிப்பைத் தேடுவதற்கான பட்டியலாக மட்டும் பயன்படுத்துங்கள், சான்றாக வேண்டாம்.

தரவுத்தள அணுக்கம். கூகுள் ஸ்காலர் இலவசம். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் இரண்டுக்கும் சந்தா வேண்டும். ஆறு மாதப் பழைய கணக்கும் 500 தொகுப்புகளும் உள்ளவர்களுக்கு, தொடர்ந்து தொகுத்து வந்தால், விக்கிப்பீடியா நூலகம் பல சந்தாத் தளங்களைத் திறந்துவிடுகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

ஒரு தாள் அல்லது விரிதாள். ஒவ்வொரு கூற்றுக்கும் மூன்று கட்டம்: என்ன கூற்று, எந்தச் சான்று, எந்தத் தேதியில் பார்த்தது. எண்கள் மாறிக்கொண்டே இருப்பவை; தேதி போடாத எண்ணை ஆறு மாதம் கழித்து யாராலும் சரிபார்க்க முடியாது.

3. ஆளை உறுதிசெய்யுங்கள்

இதைத் தனிப்படியாக வைக்கக் காரணம் உண்டு. ஒரு முறை நான் ஒரு வரைவுக்கு ஆதரவாகக் கருத்து எழுதி முடித்து, அனுப்பும் முன் கடைசியாக ஒரு கட்டுரையைத் திறந்து பார்த்தேன். பட்டியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டிருந்த அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வேறு கண்டத்தில், வேறு துறையில் இருந்தவர். குடும்பப்பெயரும் முதலெழுத்தும் மட்டுமே ஒன்று. அந்த ஒரு கட்டுரையை எடுத்துவிட்டபோது மிச்சமிருந்தது மிகச் சாதாரணமான ஒரு பட்டியல்.

முதலில் அவருக்கு ஓர்சிட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 16 இலக்கம் கொண்ட இந்த அடையாள எண் 2012 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இருந்தால் அதனுடன் இணைந்த கட்டுரைகளிலிருந்து தொடங்கலாம். இல்லையென்றால் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட பத்துக் கட்டுரைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஆசிரியர் பெயருக்குக் கீழே உள்ள நிறுவனமும் ஆண்டும் நீங்கள் எடுத்துவைத்த பணிவரலாற்றோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பத்துக்கும் சேர்த்து அரை மணி நேரம் ஆகும்.

கூகுள் ஸ்காலரில் உள்ள சுயவிவரப் பக்கத்தை அப்படியே நம்ப வேண்டாம். அதை உருவாக்குபவர் அந்த ஆய்வாளரே. தளம் தானாகச் சேர்க்கும் கட்டுரைகளில் பிறருடையவையும் கலந்துவிடும். அவர் கவனித்து நீக்கியிருந்தால் உண்டு.

4. ஆம் அல்லது இல்லை என்று விடை தரும் ஐந்து கேள்விகள்

எட்டு அளவுகோல்களில் ஐந்து இப்படிப்பட்டவை. எண்ணிக்கை, ஒப்பீடு எதுவும் தேவையில்லை. ஒன்றுக்கு உறுதியான 'ஆம்' கிடைத்தாலே போதும். நேராக 8-ஆம் படிக்குப் போய்விடலாம். அதனால்தான் இவற்றை முதலில் கேட்கச் சொல்கிறேன்.

விருது

நாட்டளவிலோ உலகளவிலோ மிக உயர்ந்ததாக மதிக்கப்படும் கல்விசார் விருது பெற்றிருக்கிறாரா? நோபல், ஃபீல்ட்ஸ் பதக்கம், ஏபெல் பரிசு, டூரிங் விருது போன்றவற்றில் யாருக்கும் ஐயம் வராது. சிக்கல் நடுத்தர விருதுகளில்தான். அவற்றுக்கு நான் வைத்திருக்கும் சோதனை எளியது. அந்த விருதை முன்பு பெற்றவர்களின் பட்டியலைத் திறந்து, ஒரு பத்துப் பேரைத் தேடிப் பார்ப்பேன். அந்த விருதைக் கணக்கில் எடுக்காமலேயே அவர்களில் பெரும்பாலோர் வேறு அளவுகோலில் தேறுகிறார்கள் என்றால் அது கனமான விருது. யாருமே தேறவில்லை என்றால் பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயனில்லை.

தேர்ந்தெடுப்பவர் யார், விண்ணப்பக் கட்டணம் உண்டா என்பதையும் பாருங்கள். பணம் கட்டினால் கிடைக்கும் 'சிறந்த விஞ்ஞானி' விருதுகளும், பணம் கட்டினால் பெயர் சேர்க்கும் பிரமுகர் அகராதிகளும் கணக்கில் வராது. பல்கலைக்கழகம் தன் ஆசிரியருக்கே தரும் நல்லாசிரியர் விருது, மாநாட்டுச் சிறந்த கட்டுரைப் பரிசு, மாணவர் போட்டிப் பரிசுகள் ஆகியவையும் அப்படியே. இளம் ஆய்வாளர் விருதுகள் பெரும்பாலும் போதா. ஆனால் 'இளம்' என்ற சொல்லைப் பார்த்ததும் தள்ளிவிடாதீர்கள். 40 வயதுக்குட்பட்டவர்களுக்கே தரப்படும் ஃபீல்ட்ஸ் பதக்கம் கணிதத்தின் உச்ச விருதுகளில் ஒன்று.

விருதை வாங்க மறுத்தாலும் அது கணக்கில் வரும். கணிதவியலாளர் கிரிகோரி பெரல்மான் 2006-இல் ஃபீல்ட்ஸ் பதக்கத்தை மறுத்தார். துறை அவரைத் தேர்ந்தெடுத்தது என்பதே நமக்கு வேண்டிய செய்தி, மேடையேறி வாங்கினாரா என்பது வேண்டியதில்லை.

ஒரு கூற்றைக் கண்டால் உடனே அடித்துவிடுங்கள்: 'நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்'. நோபல் பரிந்துரைகள் 50 ஆண்டுகள் வெளியிடப்படுவதில்லை. அந்தக் காலம் கழியாத ஒருவரைப் பற்றி இப்படி எழுதியிருந்தால் அதைச் சரிபார்க்க வழியே இல்லை.

கற்றோர் பேரவை உறுப்பினர்

'ஃபெலோ' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கைந்து பொருள் இருக்கிறது. புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. ராயல் சொசைட்டியின் ஃபெலோ என்பவர் ஏற்கெனவே ஃபெலோக்களாக இருப்பவர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். மின், மின்னணுப் பொறியாளர்களின் சங்கமான ஐ.இ.இ.இ. அமைப்பில் ஓராண்டில் ஃபெலோவாக உயர்த்தப்படுவோர் வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அமெரிக்க இயற்பியல் கழகத்தில் அந்த வரம்பு 0.5 விழுக்காடு. இவை எல்லாம் அளவுகோலை நிறைவுசெய்பவை.

முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணியில் இருப்பவரும் 'ஃபெலோ'தான். நிதிநல்கை பெற்றவரும் 'ஃபெலோ'தான். குறிப்பிட்ட ஆண்டுகள் அனுபவம் காட்டி, விண்ணப்பித்து, சந்தா கட்டினால் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் போட்டுக்கொள்ள இடம்தரும் சங்கங்களும் உண்டு. இவை எதுவும் போதாது. ஐ.இ.இ.இ.-யின் 'முதுநிலை உறுப்பினர்' தகுதியும் போதாது. ஃபெலோ நிலை வேறு, இது வேறு.

எப்படிப் பிரித்தறிவது? அந்த அமைப்பின் தளத்தில் 'ஃபெலோ ஆவது எப்படி' என்ற பக்கத்தைப் படியுங்கள். எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் தேர்தலும் இருந்தால் ஆம். விண்ணப்பப் படிவமும் கட்டண விவரமும் முன்னால் நின்றால் இல்லை.

பெயர்தாங்கிய இருக்கை

பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகத்தில், ஒருவர் பெயரால் நிறுவப்பட்ட பேராசிரியர் இருக்கையையோ அதற்கு இணையான உயர்நிலைப் பேராசிரியர் பதவியையோ வகிப்பவர். கேம்பிரிட்ஜில் 1663-இல் நிறுவப்பட்ட லூக்காசியன் கணித இருக்கை தெரிந்த எடுத்துக்காட்டு; நியூட்டனும் ஹாக்கிங்கும் வகித்தது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சில பல்கலைக்கழகங்கள் தொடக்கநிலையில் உள்ள உதவிப் பேராசிரியர்களுக்கும் நன்கொடையாளர் பெயர் தாங்கிய பதவிகளைத் தருகின்றன. அளவுகோல் முழுப் பேராசிரியர் நிலையில் உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஒரு மாதம், ஒரு பருவம் என்று வந்துபோகும் வருகைப் பேராசிரியர் இருக்கைகளையும் இதில் சேர்க்க வேண்டாம். இருக்கை மரபே இல்லாத நாடுகளும் உண்டு. அங்கே முழுப் பேராசிரியருக்கும் மேலே ஒரு படி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தலைமைப் பதவி

பல்கலைக்கழகத்தின் அல்லது பெரிய கற்றோர் கழகத்தின் உச்சத் தலைமை. துணைவேந்தர், சில நாடுகளில் தலைவர் அல்லது ரெக்டர். 'வேந்தர்' என்ற சொல்லில் கவனம் வேண்டும்: பிரித்தானிய மரபில் வேந்தர் பெரும்பாலும் சடங்குப் பதவி, நிர்வாகம் துணைவேந்தரிடம், அமெரிக்காவில் பல இடங்களில் அதே பெயரில் உள்ளவரே நிர்வாகத் தலைவர். புல முதல்வர், துறைத் தலைவர், பதிவாளர், இணைத் துணைவேந்தர் ஆகிய பதவிகள் இந்த அளவுகோலில் பொதுவாகத் தேறுவதில்லை.

இதழின் முதன்மை ஆசிரியர்

துறையில் நிலைபெற்ற, முக்கியமான ஆய்விதழின் முதன்மை ஆசிரியர். எண்பது பேர் கொண்ட ஆசிரியர் குழுவில் ஒருவராக இருப்பதும் ஒரு சிறப்பிதழுக்கு விருந்தினர் ஆசிரியராக இருந்ததும் வேறு சங்கதி. இதழ் எத்தனை ஆண்டாக வருகிறது, யார் வெளியிடுகிறார்கள், துறையில் உள்ளவர்கள் அதை மேற்கோள் காட்டுகிறார்களா என்று பாருங்கள். பணம் பறிக்கும் போலி இதழ்கள் புகழ்பெற்ற இதழ்களின் பெயரை ஒரு சொல் மாற்றி வைத்துக்கொள்வது வழக்கம் என்பதால், பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

5. மேற்கோள்களை எடைபோடுதல்

ஐந்து கேள்விக்கும் 'இல்லை' என்றால்தான் இங்கே வர வேண்டும். கேள்வி இது: அவருடைய ஆய்வு தன் துறையில் குறிப்பிடத்தக்க தாக்கம் ஏற்படுத்தியிருக்கிறது என்று பிறருடைய எழுத்துகள் காட்டுகின்றனவா? மேற்கோள்கள் அந்தத் தாக்கத்தின் ஒரு தடயம் மட்டுமே.

'எத்தனை மேற்கோள் இருந்தால் போதும்?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். விதியில் எண் கிடையாது, இருக்கவும் முடியாது. புரத அளவைக் கண்டறியும் முறை பற்றி ஆலிவர் லௌரியும் உடனாய்வாளர்களும் 1951-இல் எழுதிய கட்டுரை 3,00,000-க்கு மேற்பட்ட முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. ஆய்வகங்கள் அன்றாடம் பயன்படுத்திய முறை அது. பெரல்மான் புவான்காரே கருதுகோளை நிறுவியதோ 2002, 2003 ஆண்டுகளில் இணையத்தில் ஏற்றிய மூன்று முன்வரைவுகளில் (இதழில் வருமுன் பொதுவில் வைக்கும் கட்டுரை வடிவங்கள்). எந்த ஆய்விதழுக்கும் அவர் அவற்றை அனுப்பவில்லை. ஒரே எண்ணால் இந்த இருவரையும் அளக்க முடியாது.

அதனால் நான் செய்வது இப்படி.

முதலில் மொத்த எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு, அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஐந்தாறு கட்டுரைகளின் எண்களை மட்டும் குறித்துக்கொள்வேன். இருநூறு கட்டுரை எழுதி ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு மேற்கோள் பெற்றவரின் மொத்தம் பெரிதாகத் தெரியும். ஆனால் துறை அவருடைய எந்தக் கட்டுரையையும் பற்றிக்கொண்டதாகத் தெரியாது. ஹெச்-இன்டெக்ஸ் எண்ணையும் (அது 20 என்றால், ஒவ்வொன்றும் குறைந்தது 20 மேற்கோள் பெற்ற 20 கட்டுரைகள் உண்டு என்று பொருள்) இதே எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் அதை முன்வைத்தபோதே, உயிரியல் துறைகளில் அந்த எண் இயற்பியலைவிட உயரமாக வரும் என்று சொல்லியிருந்தார். துறை தாண்டி ஒப்பிடுவதற்கு அது உதவாது.

இரண்டாவது, ஆசிரியர் வரிசையில் அவர் எங்கே இருக்கிறார்? உயிரியல், மருத்துவத் துறைகளில் பெரும்பாலும் முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நடுவில் பதினைந்தாவதாக இருப்பவரின் பங்கு என்னவென்று சொல்ல முடியாது. கணிதத்திலும் பொருளியலிலும் பெரும்பாலும் அகரவரிசை, ஆகவே இடத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஹிக்ஸ் துகளின் நிறை குறித்து செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ், சி.எம்.எஸ். குழுக்கள் 2015-இல் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். அப்படிப்பட்ட கட்டுரைகளின் மேற்கோள்களைத் தனியொருவர் கணக்கில் சேர்த்தால், அந்தக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவருக்கும் தனிக் கட்டுரை கொடுக்க வேண்டிவரும்.

மூன்றாவதுதான் இந்தப் படியின் உயிர்: ஒப்பீடு. அதே உட்பிரிவில், ஏறத்தாழ அதே வயதில், வேறு வேறு பல்கலைக்கழகங்களில் முழுப் பேராசிரியராக இருக்கும் பத்துப் பதினைந்து பேரை எடுத்து, அதே தரவுத்தளத்தில், அதே நாளில் பாருங்கள். அவருடைய முக்கியக் கட்டுரைகளின் எண்கள் அந்தக் கூட்டத்தில் தெளிவாக மேலே நிற்கின்றனவா, நடுவில் கரைந்துபோகின்றனவா? நடுவில் என்றால் அவர் நல்ல பேராசிரியர், ஆனால் இந்த அளவுகோலில் தேறவில்லை. நீக்கல் உரையாடல்களில் 'அவர் துறையில் இந்த எண் அதிகம்' என்று சொல்பவர்களில் பலர் இந்த ஒப்பீட்டைச் செய்திருக்க மாட்டார்கள். செய்தவரின் வாதம் எடுபடும்.

தரவுத்தளங்களைக் கலக்காதீர்கள். ஆய்வேடு, அறிக்கை, முன்வரைவு எல்லாவற்றிலிருந்தும் வரும் மேற்கோள்களைக் கூகுள் ஸ்காலர் எண்ணுவதால் அதில் எண் பெரிதாக வரும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் இரண்டும் பெரும்பாலும் தேர்ந்தெடுத்த இதழ்களையே எடுப்பதால் நூல்கள் நிறைந்த துறைகளில் அவை குறைத்துக் காட்டும். கணினியியலில் மாநாட்டுக் கட்டுரைகளுக்குத்தான் மதிப்பு, இதழ்களை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கணிதத்துக்கு மேத்சைநெட், உயர் ஆற்றல் இயற்பியலுக்கு இன்ஸ்பயர் என்று துறைக்குரிய தரவுத்தளம் இருந்தால் அதையே நம்புங்கள்.

'உலகின் முதல் 2 விழுக்காடு விஞ்ஞானிகள்' பட்டியல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வரைவுகளில் இது 'ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக விருது' என்றே வந்துகொண்டிருக்கிறது. ஜான் அயோனிடிஸும் உடனாய்வாளர்களும் ஸ்கோபஸ் தரவிலிருந்து கணக்கிட்டு வெளியிடும் தரவரிசை அது. யாரும் யாரையும் தேர்ந்தெடுத்து வழங்கும் விருது அல்ல. லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் உண்டு. வாழ்நாள் பணிக்கு ஒன்று, ஓராண்டுக்கு ஒன்று என இரண்டு பட்டியல்கள் வருகின்றன. வரைவுகளில் எந்தப் பட்டியல் என்று சொல்வதே இல்லை. வெப் ஆஃப் சயின்ஸை நடத்தும் கிளாரிவேட் நிறுவனம் வெளியிடும் அதிக மேற்கோள் பெற்றோர் பட்டியல் இதைவிடச் சிறியது. ஆனாலும் 2023-இல் அது கணிதத்தை முழுவதுமாக விட்டுவிட்டது. மேற்கோள்கள் இயல்பாகவே குறைவாக உள்ள துறையில் திட்டமிட்டு எண்களை ஏற்றிக்கொள்வது எளிது என்பதே அதற்குக் காரணம். பட்டியலில் பெயர் இருப்பது மேற்கொண்டு தேடலாம் என்பதற்கான குறி, அவ்வளவே.

கடைசியாக, எண்களை மூடிவைத்துவிட்டு எழுத்தைப் படியுங்கள். அவரை மேற்கோள் காட்டிய நான்கைந்து கட்டுரைகளைத் திறந்து, அந்த வரியைத் தேடுங்கள். 'இன்னின்னார் [4–19] ஆய்ந்துள்ளனர்' என்று பதினைந்து பேரோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார்களா, அவர் முறையை எடுத்து ஒரு பத்தி விவரித்திருக்கிறார்களா? அவர் பெயரால் வழங்கும் தேற்றமோ சோதனையோ உண்டா? பாடநூலில் அவர் பணிக்கென ஒரு பகுதி இருக்கிறதா? அவர் பணியைப் போற்றிச் சக ஆய்வாளர்கள் பாராட்டு மலர் வெளியிட்டிருக்கிறார்களா? என் மதிப்பில் இப்படிப்பட்ட ஒன்று ஆயிரம் மேற்கோளைவிடப் பெரிது.

6. நூலே ஆய்வாக இருக்கும் துறைகள்

வரலாறு, இலக்கியம், மெய்யியல், இறையியல் போன்ற துறைகளில் மேற்கோள் எண்ணிக்கை ஏறத்தாழ எதையும் சொல்லாது. அங்கே பார்க்க வேண்டியது மதிப்புரைகள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நூல்கள், ஒவ்வொன்றுக்கும் ஆய்விதழ்களில் இரண்டு மூன்று சுயேச்சையான மதிப்புரைகள் என்று இருந்தால் நான் தயங்காமல் ஆதரிப்பேன்.

நூலின் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு ஜேஸ்டோர் போன்ற இதழ்த் தொகுப்புகளில் தேடுங்கள். உலக நூலகங்கள் எத்தனை அந்த நூலை வைத்திருக்கின்றன என்று வேர்ல்ட்கேட்டில் பார்க்கலாம். அணிந்துரையும் பின்னட்டைப் பாராட்டும் மதிப்புரை ஆகா. அவை பதிப்பகம் கேட்டு வாங்கியவை. சொந்தச் செலவில் அச்சிட்ட நூல்களின் எண்ணிக்கையும் உதவாது.

ஆய்விதழ் மதிப்புரை நூல் வந்து இரண்டு மூன்று ஆண்டு கழித்தும் வரும். சென்ற ஆண்டு வந்த நூலுக்கு மதிப்புரை இல்லை என்பதை அவருக்கு எதிராகப் பயன்படுத்தாதீர்கள். அச்சில் மட்டும் வந்த பழைய இதழ்களில் எழுதியவர்களுக்கு இணையத் தேடல் எதையும் காட்டாது. அவர்களை எடைபோட நூலகத்துக்குப் போக வேண்டும். இணையத்தில் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக 'குறிப்பிடத்தக்கவர் அல்லர்' என்று எழுதப்பட்ட கருத்துகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

7. வளாகத்துக்கு வெளியே

மீதமுள்ள இரண்டு அளவுகோல்கள் இவை: உயர்கல்வியில் பல நிறுவனங்களைத் தொட்ட தாக்கம், கல்வியாளர் என்ற முறையில் கல்வியுலகுக்கு வெளியே ஏற்படுத்திய தாக்கம். பல பல்கலைக்கழகங்களில் பயன்படும் பாடநூல்கள் எழுதியவர் முதலாவதில் வருவார். பாடத்திட்டப் பக்கங்களைக் கொண்டு அதைக் காட்டலாம். நாளிதழில் இரண்டு மூன்று முறை கருத்துச் சொன்னவர் இரண்டாவதில் வரமாட்டார், எல்லாக் கல்வியாளருக்கும் அது நேர்வதுதான். நீண்ட காலம், பல ஊடகங்களில், அந்தத் துறைக்கே முகமாகத் தேடப்படுபவர் வருவார்.

இவை எதுவும் பொருந்தாவிட்டாலும், அவரைப் பற்றியே விரிவாக எழுதிய சுயேச்சையான மூலங்கள் பல இருந்தால் பொதுக் குறிப்பிடத்தக்கமை விதியின் வழியே கட்டுரை இருக்கலாம்.

வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கை, காப்புரிமைகள், முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டிய மாணவர் எண்ணிக்கை, பெற்ற நிதிநல்கை, வழக்கமான மாநாடுகளில் ஆற்றிய சிறப்புரைகள் ஆகியவற்றுக்கு எட்டில் எந்த இடமும் இல்லை. வரைவில் இவை மட்டுமே நிறைந்திருந்தால், வேறு எதுவும் கிடைக்கவில்லை என்றே அதற்குப் பொருள்.

8. எந்த மூலம் எதை நிறுவும்

கல்வியாளர் அளவுகோல்களில் ஒரு சலுகை உண்டு. அதைத் தவறாகப் புரிந்துகொள்பவர் இரு பக்கமும் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் பக்கம் சுயேச்சையான மூலம் இல்லைதான். ஆனால் அவர் எந்த இருக்கையில், எந்த ஆண்டு முதல் இருக்கிறார் என்ற சர்ச்சையற்ற தகவலை அதைக் கொண்டே நிறுவலாம். விருதை வழங்கிய அமைப்பின் பட்டியல் அந்த விருதை நிறுவும். கற்றோர் பேரவையின் உறுப்பினர் பட்டியல் உறுப்புரிமையை நிறுவும்.

'துறையின் முன்னோடி', 'உலகப் புகழ்பெற்ற', 'புரட்சிகரமான' என்பவற்றை அவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் சொல்லி நிறுவ முடியாது. மதிப்பீட்டுச் சொல் எதுவானாலும் வெளியாள் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் செய்திக்குறிப்பை அப்படியே அச்சிட்ட நாளிதழ்ச் செய்தியும் வெளியாள் ஆகாது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மறைந்தவர்களுக்கு ஆய்விதழ்களில் சக ஆய்வாளர்கள் எழுதிய நினைவுக்குறிப்புகள் மிக நல்ல மூலங்கள். வாழ்க்கையும் பணியும் இரண்டும் அவற்றில் கிடைக்கும்.

9. முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

'இன்ன அளவுகோல், இன்ன காரணம், இன்ன மூலம்.' இந்த வடிவத்தில் ஒரு வாக்கியம் எழுத முயலுங்கள். 'பல விருதுகள் பெற்றவர், நிறையக் கட்டுரைகள் எழுதியவர், ஊடகங்களிலும் வந்தவர்' என்றுதான் எழுத வருகிறதென்றால் அளவுகோல் எதுவும் நிறைவேறவில்லை என்று கொள்ளலாம். அரை அரையாக நான்கைச் சேர்த்தால் இரண்டு முழு ஆகிவிடாது.

முடிவு 'இல்லை' என்று வந்தால் பல வேளைகளில் அதன் பொருள் 'இன்னும் காலம் வரவில்லை' என்பதே. இளம் ஆய்வாளர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் அமையும். எடுத்த குறிப்புகளைத் தேதியோடு மணல்தொட்டியில் (விக்கிப்பீடியாவில் உங்கள் சொந்தச் சோதனைப் பக்கம்) வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து 4-ஆம் படியின் ஐந்து கேள்விகளை மட்டும் திரும்பக் கேட்டால் போதும். இதற்கிடையே அவருடைய கண்டுபிடிப்பு முக்கியமானதென்றால், அந்தக் கருப்பொருள் பற்றிய கட்டுரையில் உரிய மூலத்தோடு இரண்டு வரி சேர்க்கலாம். வாசகருக்கு அதுவே அதிகம் பயன்படும்.

10. அந்த வாக்கியத்தை வரைவின் தொடக்கத்தில் வையுங்கள்

டோனா ஸ்ட்ரிக்லாண்டைப் பற்றிய வரைவு ஒன்று மே 2018-இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏற்கப்படவில்லை. போதிய சுயேச்சையான மூலங்கள் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அக்டோபர் 2, 2018 அன்று அவருக்கு இயற்பியல் நோபல் அறிவிக்கப்பட்ட பிறகே கட்டுரை வந்தது. நோபல் வரும் வரை காத்திருந்திருக்க வேண்டியதே இல்லை: அவர் 2008-இல் ஒளியியல் ஆய்வாளர்களின் கழகமான ஆப்டிகல் சொசைட்டியின் ஃபெலோ, 2013-இல் அதன் தலைவர். கற்றோர் பேரவை, தலைமைப் பதவி என்ற இரண்டு கேள்விகளுக்கும் 'ஆம்' என்ற விடை ஐந்து ஆண்டுகளாகக் காத்திருந்தது. அப்போது அவர் இணைப் பேராசிரியர்தான் என்பதையும் கவனியுங்கள். பதவியின் பெயரைப் பார்த்து ஆளை எடைபோடுவது எவ்வளவு தவறாகிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

வரைவைப் பார்ப்பவர் ஒரு நாளில் பல வரைவுகளைப் பார்க்கிறார். கல்வியாளர் அளவுகோலை விட்டுவிட்டுப் பொது விதியை எடுத்து அளந்துவிட அவருக்கு ஒரு நொடி போதும். எனவே பிறந்த ஊர், படித்த பள்ளி எல்லாம் பின்னால் வரட்டும். முதல் இரண்டு வாக்கியங்களுக்குள் எந்தக் காரணத்தால் இவருக்குக் கட்டுரை என்பது தெரிய வேண்டும். அந்த வாக்கியத்தின் முடிவிலேயே மூலம் நிற்க வேண்டும். பிறகு வரைவின் பேச்சுப் பக்கத்தில் அளவுகோலின் எண்ணையும், நீங்கள் சரிபார்த்த தேதியையும், ஒப்பீடு செய்திருந்தால் அந்த அட்டவணையையும் வைத்துவிட்டுச் சமர்ப்பியுங்கள்.